பாட்டி பத்ரகாளியில் பாத்திரம் விளக்கினாள்!

உங்கள் ஆபீஸில் எத்தனை பேர் புத்தகம் எழுதி வைத்திருக்கிறார்கள் தெரியுமா? மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரமாகப் பார்த்து சும்மா கேட்டுப் பாருங்கள். அக்கவுண்ட்ஸில் ஒருத்தர் நாவல் வைத்திருப்பார். டெஸ்பாட்ச்சில் ஒருத்தர் கவிதை, அதுவும் முந்நூறு. மானேஜர்கூட ரிடையர் ஆனதும் 'வெற்றிக்கு வழி' எழுதலாமென்று இருக்கிறார் (அவர் ரிடையர் ஆவதே மற்றவர்களின் வெற்றிக்கு வழி என்பது வேறு விஷயம்).

எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை சார். எழுதினதைப் பொறுமையாகப் படித்து, 'இந்த இடம் புரியலீங்க' என்று முகத்துக்கு நேரே சொல்கிற ஆளுக்குத்தான் பஞ்சம். அந்த வேலைக்குப் பெயர் எடிட்டிங். அதற்குக் காசு வேறு கொடுக்கணும் என்றால் நம்மாட்கள் மூஞ்சி போகிற போக்கைப் பார்க்கணுமே! அட்டைக்குக் கொடுப்பார்கள், வெளியீட்டு விழாவில் போண்டாவுக்குக் கொடுப்பார்கள். உள்ளே இருக்கிற எழுத்துக்கு மட்டும் 'நம்ம வாத்தியார் ஒருத்தர் இருக்காருங்க, ஃப்ரீயா பார்த்துக் குடுத்துருவாரு.'

நான் காசு கொடுத்து எடிட்டர் வைத்தவன். என் புத்தகத்துக்கு இல்லை, என் அப்பாவின் புத்தகத்துக்கு.

அப்பாவுக்கு எழுபத்தாறு வயசு. பெரியநாயக்கன்பாளையத்தில் பாதி ஆயுசு விவசாயம், பாதி ஆயுசு மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை. 2020 லாக்டவுனில் பட்டறையைப் பூட்டினார்கள். ஒரு வாரம் திண்ணையில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் ஒன்றும் வரவில்லை. அக்கா பையனின் பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார். ஊரடங்கு முடிந்தது. அவர் முடிக்கவில்லை. ஆறு நோட்டு! கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த காலம், பைகாரா கரண்ட் வந்த கதை, முதல் மோட்டார் ஓடிய அன்றைக்கு ஊரே கிணற்று மேட்டில் நின்றது, பாலமலை ரங்கநாதர் கோயிலுக்கு நடந்து போனது, எல்லாம் இருந்தது.

பைகாரா மின்சாரம் 1932ல் வந்தது. அதுதான் கோயமுத்தூர் ஜில்லாவில் மில்லையும் பம்ப்செட்டையும் பெருக்கியது என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் மோட்டார் வந்த அன்றைக்குக் கவலை மாடுகள் இரண்டும் வழக்கமான நேரத்துக்குத் தானாகவே வந்து கிணற்று மேட்டில் நின்றன என்று எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? அப்பா நோட்டில் இருந்தது. அந்த ஒரு வரிக்காகவே இதைப் புத்தகமாகப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த வருஷத்து போனஸ் இருந்தது. கல்யாணத்துக்கு என்று வைத்திருந்தது. பெண்தான் அமையவில்லை, புத்தகமாவது அமையட்டுமே!

எடிட்டர் தேடின படலத்தைச் சொல்கிறேன். உங்களில் யாருக்காவது உபயோகப்படும்.

யாரிடமும் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். பத்துப் பக்கம் சாம்பிள் கொடுங்கள். நான் இருப்பது ஒரு மெஷின் ஷாப்பில், இன்ஸ்பெக்‌ஷன் டிபார்ட்மென்ட்டில். முதல் பீஸை அளந்து பார்க்காமல் லாட்டை ஓட்டவிடுவது எங்கள் குலத்திலேயே கிடையாது. அதே புத்திதான் இதிலும்.

முதல் ஆசாமி, 'பிழை திருத்தி மெருகேற்றித் தரப்படும்' என்று போர்டு வைத்திருந்தார். பக்கத்துக்குப் பதினைந்து ரூபாய். சல்லிசு! மூன்றே நாளில் சாம்பிள் வந்தது. எடுத்துப் படித்தேன்.

'காலையில் அம்மா பத்ரகாளியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பாட்டி பத்ரகாளியில் எதற்குப் பாத்திரம் விளக்க வேண்டும்? நோட்டைப் புரட்டினால் அப்பா எழுதியிருந்தது 'பொடக்காளி'. எங்கள் பக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் குளிக்க, பாத்திரம் கழுவ இருக்கிற இடம். அவர் அதைக் கேள்விப்பட்டதில்லை. காளி என்று முடிகிறதே, விடுவாரா? பக்தியோடு திருத்திவிட்டார்.

அடுத்தது, 'மாரியம்மன் நோன்புக்குக் கிடா வெட்டினோம்.' நோன்பு இருந்துகொண்டே கிடா வெட்டுகிற குடும்பம் உலகத்திலேயே எங்களுடையதுதான்! நோம்பி என்றால் எங்களுக்குத் திருவிழா சார், பட்டினி இல்லை. கவலைச் சாலின் அடியில் தோலால் தைத்த ஒரு நீளக் குழாய் இருக்கும், தண்ணீரை வாய்க்காலில் விடுகிறதுக்கு. அதற்குத் 'தும்பி' என்று பெயர். 'தும்பி கிழிந்துபோனதால் அன்றைக்கு இறைக்கவில்லை' என்று அப்பா எழுதியிருந்தார். அது 'தும்பிக்கை கிழிந்துபோனதால்' ஆகியிருந்தது. தோட்டத்துக்குள் யானை வந்துவிட்டது! (எங்கள் ஊர்ப் பக்கம் யானை வருவது நிஜம்தான், மலையடிவாரமாச்சே. ஆனால் தண்ணீர் இறைக்க வருவதில்லை.)

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பதினைந்து ரூபாய்க்கு அவ்வளவுதான் வரும். சாம்பிளோடு நிறுத்திக்கொண்டேன்.

அக்கா பையன், 'மாமா, இதுக்கெல்லாம் எதுக்கு ஆளு? போன்லயே ஆப் இருக்குது' என்று அதே பத்துப் பக்கத்தை உள்ளே தள்ளினான். அரை நிமிஷம்! ஒரு பிழை கிடையாது. படித்தால் குடியரசு தினத்துக்குக் கலெக்டர் பேசுகிற மாதிரி இருந்தது. கிணற்று மேட்டில் நின்ற மாடுகள் 'காலத்தின் மாற்றத்தை உணராமல் மௌன சாட்சிகளாக' நின்றன. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். 'நல்லாத்தான் இருக்குது. யாரு எழுதினது?' என்றார்.

மூன்றாவதாகத்தான் துடியலூரில் ஓர் அம்மணி. தமிழ் எம்.ஏ., பத்து வருஷம் பதிப்பகங்களுக்கு வேலை பார்த்துவிட்டு, குழந்தை பிறந்தபின் வீட்டிலிருந்தே எடிட்டிங். வயசு என்னைவிட இரண்டு மூன்று கூட இருக்கலாம். பக்கத்துக்கு அறுபது ரூபாய். குறைப்பாரா என்று கேட்டேன். 'பக்கத்தைக் குறைச்சா ரூபாயும் குறையுங்க' என்றார். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

மேஜைமேல் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இருந்தது. பக்கத்தில் எழுத்தாளர் பெருமாள்முருகன் தொகுத்து 2000ல் வந்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி, முனை மடங்கி, டீக்கறையோடு. பொடக்காளிக்கு ஆபத்தில்லை என்று மனசு நிம்மதியானது.

'மெருகு ஏத்தித் தர்றீங்களா?' என்றேன்.

'மெருகெல்லாம் தச்சுப்பட்டறையில போடுவாங்க சார். நான் கேள்வி கேப்பேன். பதில் சொல்ல ஆளிருக்குதா?'

இந்த இடத்தில் கொஞ்சம் ஊர்ப் பெருமை பேச அனுமதி வேண்டும். எங்கள் பாளையத்தைப் பற்றிக் கேட்டால் மேட்டுப்பாளையம் ரோட்டு பஸ்ஸில் எல்லாரும் சொல்வது, ஜவுளி மெஷின் கம்பெனி, அப்புறம் ராமகிருஷ்ண வித்யாலயம். அந்த வித்யாலயத்தில் வாத்தியாராக இருந்த ஒருவர்தான் தமிழில் இதுவரை நடந்த பெரிய எடிட்டிங் வேலைகளில் ஒன்றைச் செய்து முடித்தார் என்பது பஸ்ஸில் பாதிப் பேருக்குத் தெரியாது. ம.ப.பெரியசாமித் தூரன். ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சியை ஒட்டிய கிராமத்தில் 1908ல் பிறந்தவர். வித்யாலயத்தை ஆரம்பித்த தி.சு.அவினாசிலிங்கம்தான் தமிழ் வளர்ச்சிக் கழகத்துக்கும் தலைவர். தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் வேண்டும் என்று அவர் நினைத்தபோது, முதன்மை ஆசிரியராகத் தூரனை உட்கார வைத்தார். 1954ல் முதல் தொகுதி. 1968ல் பத்தாவது.

ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். விஞ்ஞானி, டாக்டர், புலவர், வக்கீல் என்று நூற்றுக்கணக்கான பேர் எழுதுகிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு நடை, ஒரு கோபம், ஒரு பாண்டித்தியம். கம்ப்யூட்டர் கிடையாது. ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு தமிழ் போட்டிருப்பார்கள். எல்லாவற்றையும் படித்து, வெட்டி, கேட்டு எழுதி, பதில் வாங்கி, அகர வரிசையில் அடுக்க வேண்டும். அது முடிந்ததும் மனுஷர் வீட்டுக்குப் போய்த் தூங்கினாரா? குழந்தைகளுக்கென்று இன்னொரு பத்துத் தொகுதி! அதற்கு முன்னாலேயே பழைய சுதேசமித்திரன் இதழ்களைப் புரட்டிப் பாரதியின் எழுத்துக்களைத் தேடி எடுத்து, 'பாரதி தமிழ்' என்று 1953ல் கொண்டு வந்தவர் அவர். நல்ல கீர்த்தனைகள் எழுதினவரும்கூட. கச்சேரியில் தூரன் பாட்டுக்குத் தலையாட்டுகிறவர்கள் அவர் எடிட்டர் என்பதை அறியமாட்டார்கள். எடிட்டர் பிழைப்பு அப்படித்தான். சரியாகச் செய்தால் யாருக்கும் தெரியாது.

மிஞ்சிப் போனால்தான் தெரியும். அமெரிக்காவில் ரேமண்ட் கார்வர் என்று ஒரு சிறுகதை எழுத்தாளர். அவருடைய எடிட்டர் கார்டன் லிஷ், 1981ல் வந்த தொகுப்பில் சில கதைகளைப் பாதிக்கும் கீழே வெட்டிவிட்டார். 'வேண்டாம், அச்சடிப்பதை நிறுத்துங்கள்' என்று கார்வர் கெஞ்சிக் கடிதம் எழுதினார். புத்தகம் வந்தது, அவர் பெரிய ஆளாகவும் ஆனார். வெட்டாத மூலத்தை 2009ல் தனியாகவே போட்டார்கள். கார்வர் அப்போது இல்லை. எது நல்லது என்று இன்னமும் சண்டை நடக்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால், வார்ப்பு மண்ணிலிருந்து வரும்போது விளிம்பில் பிசிறு இருக்கும். அதைத் தட்டணும். பிசிறுதான் என்று ஆர்வத்தில் உடம்பையும் ராவினால் அண்டர்சைஸ். ஸ்கிராப்பில்தான் போடணும்.

சென்னையில் க்ரியா ராமகிருஷ்ணன் இருந்தார். 1974ல் ஆரம்பித்த பதிப்பகம். எழுதினவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வரி வரியாகப் போவாராம். மேலே சொன்ன அகராதியும் அவர் போட்டதுதான், 1992ல். அதன் மூன்றாம் பதிப்பு வந்த 2020 நவம்பரிலேயே கொரோனாவில் போய்விட்டார். துடியலூர் அம்மணி அவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைக் கொஞ்சம் தாழ்த்துவார்.

சரி, கதைக்கு வருகிறேன்.

இருபது நாள் கழித்து முதல் நூறு பக்கம் வந்தது. தும்பி தும்பியாகவே இருந்தது. முதல் தடவை வருகிற இடத்தில் மட்டும், வாக்கியத்துக்குள்ளேயே, 'சாலுக்கடியில் தொங்கும் தோல் தும்பி' என்று மூன்று சொல் சேர்த்திருந்தார். நோம்பி நோம்பியாகவே இருந்தது. ஒரே சம்பவம் இரண்டு நோட்டில் வந்திருந்தால் ஒன்றை எடுத்திருந்தார். 'அந்தக் காலத்தில் எல்லாம் நல்லாயிருந்தது' என்ற வாக்கியம் பதினேழு தடவை வந்திருந்ததாம். பதினாறை அடித்துவிட்டு ஓரத்தில் ஒரு குறிப்பு: 'ஐயா, ஒண்ணு மட்டும் விட்டு வெச்சிருக்கேன்.' அப்பா சிரித்தார்.

அடுத்த குறிப்பு பக்கம் 84ல்.

'இதுவரைக்கும் எல்லாப் பக்கத்திலும் உங்கள் தம்பி இருக்கிறார். கவலை ஓட்டும்போது பாட்டுப் பாடுகிறார், பாம்பு அடிக்கிறார், மோட்டாருக்கு மாலை போடுகிறார். 85லிருந்து அவர் பெயரே இல்லை. 1983ல் என்ன ஆச்சு?'

அப்பா சிரிப்பதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழட்டி மடித்தார்.

'காசு குடுத்து வம்பு வாங்கியாந்திருக்கறயா?' என்றார்.

எனக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரிந்தது மட்டும்தான். பங்காளிக் கிணறு, மூன்று நாள் அண்ணன் முறை, மூன்று நாள் தம்பி முறை. 1982-83 பஞ்சத்தில் கிணற்றில் முழங்கால் தண்ணீர். கோர்ட், கேஸ், பேச்சுவார்த்தை நின்றுபோனது. சித்தப்பா தன் பங்கை விற்றுவிட்டு மில்லுக்கு வேலைக்குப் போனார். 2004ல் இறந்தார். சித்தி இரண்டு வீதி தள்ளித்தான் இருக்கிறார். நல்லது கெட்டதுக்கு நானும் அம்மாவும் போவோம். அப்பா போவதில்லை.

அம்மணிக்குப் போன் பண்ணி, 'அந்தக் கேள்வியை விட்டுறலாங்களா?' என்றேன்.

'விடலாங்க. அவரு புத்தகம். ஆனா படிக்கறவங்க 85ஆம் பக்கத்துல நின்னு தம்பியைத் தேடுவாங்க. நான் தேடினேன்.'

இரண்டு வாரம் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. அப்புறம் ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தால், டி.வி.மேல் ஒரு நோட்டு. ஏழாவது. நாலு பக்கம்தான் எழுதியிருந்தது. படிக்கச் சொல்லவில்லை. ஆனால் டி.வி.மேல் வைத்தால் வேறென்ன அர்த்தம்?

கேஸுக்கு முன்னால் ஒரு வாரம், தம்பி முறை வருகிற நாளில் மோட்டார் ஓடாது. ஸ்டார்ட்டரை அமுக்கினால் பேச்சு மூச்சு இருக்காது. அண்ணன் முறை வந்தால் ஓடும். அண்ணன் மோட்டார் வேலை தெரிந்தவன், கைராசி என்று ஊர் பேசியது. தம்பி ஒயர்மேனைக் கூட்டி வந்து காட்டுவதற்குள் தக்காளி வாடிவிட்டது. அப்பா எழுதியிருந்தார்: 'ஸ்டார்ட்டருக்குள் இருக்கிற காயிலை ராத்திரியில் கழற்றி எடுத்து வந்தவன் நான்தான். என் முறைக்கு மாட்டுவேன். அவன் முறைக்குக் கழற்றுவேன். என் முறையிலும் அவன் இரண்டு தடவை திருட்டுத்தனமாகத் தண்ணீர் விட்டான். ஆனால் அவனுக்கு இரண்டு குழந்தை, எனக்கு அப்போது இல்லை.'

அவ்வளவுதான். 'மன்னித்துவிடு' என்றெல்லாம் இல்லை. நாற்பது வருஷம் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

அம்மணி அந்த நாலு பக்கத்தில் இரண்டு ஒற்றுப்பிழை மட்டும் திருத்தி அனுப்பினார். கூடவே ஒரு குறிப்பு: 'இது அச்சுக்குப் போகும்முன் அவங்க சம்சாரத்துக்கிட்டக் காட்டணும். கட்டாயம்.' இந்த ஒரு குறிப்புக்கே அறுபது ரூபாய் தகும் சார். நான் பாட்டுக்கு அச்சடித்து, விழாவில் சித்தியை முன் வரிசையில் உட்கார வைத்திருப்பேனாக்கும் என்று பயந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை புரூஃபை எடுத்துக்கொண்டு போனேன். சித்திக்கு எழுபது இருக்கும். கண்ணாடி போட்டு, விரலை வைத்து, வரி வரியாகப் படித்தார். நான் சுவரில் மாட்டியிருந்த சித்தப்பா போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெங்கே பார்ப்பது? வாசலில் ஐஸ்காரன் வந்தான், போனான்.

'ஏஞ்சாமி, இது தப்பா எழுதியிருக்குதே.'

எனக்கு வயிற்றைக் கலக்கியது.

'தக்காளியில்ல கண்ணு. கத்திரி. தக்காளி அதுக்கு முந்தின வருசம்.'

பேனா கேட்டு வாங்கினார். தக்காளியை அடித்து மேலே கத்திரி என்று எழுதினார். கை நடுங்கவில்லை. அப்புறம் சொன்னார்:

'உங்க சித்தப்பனுக்கு அன்னைக்கே தெரியுமப்பா. ஒயர்மேன் மூடியைத் தொறந்து காயிலைக் காணமுன்னான். இவரு உள்ற எட்டிப் பாத்தாரு. ஒரு ஸ்க்ரூ தலையில ஒரு கீறல் இல்ல, ஒரு ஒயர் நசுங்கல, அத்தனையும் எடுத்த மாதிரியே முடுக்கி வெச்சிருக்குது. திருடன் இத்தனை சுத்தமாக் கழட்டுவானா, இது எங்கண்ணன் கையின்னாரு. போய்க் கேளுங்கன்னு நானு சொன்னேன். கேட்டா இல்லைன்னு பொய் சொல்லுவான், அதை வேற பாக்கணுமான்னுட்டாரு.'

போடலாமா சித்தி என்று கேட்டேன். 'போடு, போடு. கத்திரியை மட்டும் மறந்துராத' என்று காபி போடப் போனார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். கத்திரி விஷயத்தை முதலில் சொன்னேன். ஆமாம், கத்திரிதான் என்றார். அப்புறம் மற்றதைச் சொன்னேன். நிமிரவே இல்லை. ரொம்ப நேரம் கழித்துக் கேட்டார்:

'சுத்தமாக் கழட்டியிருந்துச்சுன்னா சொன்னான்?'

சித்தி சொன்னதை அவர் வாய் வார்த்தையிலேயே எழுதி அம்மணிக்கு அனுப்பினேன். இப்போது அது பக்கம் 88ல் இருக்கிறது. ஒரு எழுத்தைத் தொடவில்லை. பில்லில் மட்டும் அந்தப் பக்கத்துக்கும் சேர்த்து அறுபது ரூபாய் போட்டிருந்தார்.